ஒன்பதாம் மாடிக்குப் பத்து தெத்ரி

தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
பதினேழாம் கணக்கில் ஒருவன் லிஃப்டில் நிற்கிறான்.
பெயர் இல்லை, முகம் இல்லை,
நிறை மட்டும் உண்டு: எழுபது கிலோ.
காலடியில் எடைக்கருவி.
லிஃப்ட் முடுக்கத்தோடு மேலே கிளம்புகிறது.
கருவி என்ன காட்டும்?

எனக்கென்ன தெரியும்.
எங்கள் பள்ளி இயற்பியல் வாத்தியார்
ஓர் இலையுதிர் காலத்தில்
போலந்துக்குக் கட்டட வேலைக்குப் போனவர்தான்.
மீதி இரண்டு வருடமும் அந்தப் பீரியடில்
கைப்பந்து ஆடினோம்.
நான் நன்றாக அடிப்பேன்.
பந்து ஏன் கீழே வருகிறது என்று
எங்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை,
வந்தது, அடித்தோம்.

இப்போது இருபத்தொன்பது வயது.
விடிகாலை நாலு மணிக்கு
ரொட்டிச் சூளைக்குள் இடுப்புவரை குனிந்து
மாவைச் சுவரில் அறைகிறேன்.
செங்குத்துச் சுவரில் ஒட்டியது ஏன் விழுவதில்லை என
உராய்வைப் பற்றி இரண்டு பக்கம் போகிறது புத்தகம்.
சில நாள் விழும், ஐயா.
மாவில் ஈரம் போதாவிட்டால் விழும்.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

ஜி என்ற எழுத்தை ஒரு வாரம்
கிராம் என்றே படித்தேன்.
வெறும் ஒன்பது புள்ளி எட்டு கிராமா
உலகம் முழுவதையும் கீழே இழுக்கிறது என்று
திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.
“இஞ்சினியராகி என்ன செய்யப்போகிறாய் ஏலிசோ?”
முதலாளியம்மா லாமாரா
சில்லறை எண்ணிக்கொண்டே கேட்கிறாள்.
அதற்குச் சூத்திரம் எந்த அத்தியாயத்திலும் இல்லை.

நேற்று இரவு பதினொரு மணிக்கு
குளியலறை எடைக்கருவியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குப் போனேன்.
காசு போட்டால்தான் ஏறும்.
இறங்க இலவசம்.
பத்து தெத்ரி உள்ளே விழுந்தது.
முள்: அறுபத்தொன்று.
ஒன்பதை அழுத்தினேன்.
கம்பிவடம் ஒருமுறை முனகியது,
அறுபத்துநாலு!
ஒரு மூச்சு நேரம்தான்.
மூன்றாம் மாடி, நான்காம் மாடி,
ஏறிக்கொண்டேதான் இருக்கிறேன்,
முள் அறுபத்தொன்றில் தூங்குகிறது.
ஒன்பது நெருங்கும்போது ஐம்பத்தெட்டு.
என்னில் மூன்று கிலோவை
யாரோ வாங்கி வைத்துக்கொண்டு
கதவு திறக்குமுன் திருப்பித் தந்தார்கள்.

ஆறு தடவை ஏறினேன்.
நான்காவது தடவை ஏழாம் மாடி குராம் வந்தான்,
டாக்ஸி ஓட்டுகிறவன்,
கையில் பெரிய தர்பூசணி.
என் விளக்கத்தைப் பாதிதான் கேட்டான்,
பழத்தோடு கருவிமேல் ஏறிவிட்டான்.
நூற்றுநாலு.
கிளம்பியதும் நூற்றொன்பது.
“திருட்டுப்பயல்! லிஃப்ட் கிளம்பும்போது
நிறுத்து விற்றிருப்பான் எனக்கு!”
சிரிப்பில் கூண்டு குலுங்கியது.
பிறகு முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.
“நடுவில் ஏன் பேசாமல் இருக்கிறது?”

“வேகம் மாறவில்லை, அதனால்தான்.”

சொன்னது நான்தான்.
புத்தகம் மூன்று மாடிக்கு மேலே
மேசையில் மூடிக் கிடந்தது.
இயற்பியலில் என்னை ஒருவர் கேள்வி கேட்டதும்
நான் பதில் சொன்னதும் அதுவே முதல் தடவை;
அதிலும் பழத்தின் பச்சை வாசனைக்கு நடுவே.
ஏழாம் மாடியில் இறங்கியவன்
பத்து தெத்ரியை என் உள்ளங்கையில் வைத்தான்.
“அடுத்த ஏற்றம் என் கணக்கு.”

அறைக்கு வந்து எழுதினேன்.
எழுபது. பத்தும் இரண்டும் பன்னிரண்டு.
பெருக்கினால் எண்ணூற்று நாற்பது.
பின்பக்க விடையைப் பார்க்க
விரல் போனது, தடுத்து வைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
பக்கத்தில் நியூட்டன் என்று சேர்த்தேன்,
அலகு போடாவிட்டால் மதிப்பெண் போகுமாம்.

பதினெட்டாம் கணக்கு:
அதே லிஃப்ட், அதே ஆள்.
கம்பிவடம் அறுந்துவிடுகிறது.
கருவி என்ன காட்டும்?

இன்று வேலை முடிந்து வந்ததும்
அதைப் படியேறிக்கொண்டே யோசித்தேன்.